தப்போசையில் ஒரு சரித்திரம்



அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே பார்ச்மன் என்றொரு சிறைப்பண்ணை உண்டு. அங்கே வேலை செய்த கறுப்பினக் கைதிகளின் பாடல்களை அலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் பாடல் ஆய்வாளர் 1947ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்தார். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் சேர்ந்து பாடுவர். பாட்டின் தாளத்துக்குக் கோடரி விழும். அதனை முதன்முதலாகக் கேட்டபோது சொற்கள் எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆயினும் எங்கோ கேட்டுப் பழகிய குரல் போலிருந்தது. பின்னர்தான் நினைவு வந்தது. ஹட்டனுக்கு அப்பால், லயத்து வாசலிலிருந்து என் அம்மாயி பாடிய குரல் அது.

1820களில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டோர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதனிடத்தைத் தேயிலை பிடித்தது.

இவையெல்லாம் துரைமாரின் ஏடுகளிலே உள்ளன. எத்தனை ஏக்கர், எத்தனை இறாத்தல் என்ற கணக்கும் உண்டு. ஆனால் கொழுந்து குறைந்ததற்காக அரைப்பேர் போட்ட நாளில் ஒரு தாயின் மனம் என்ன பாடுபட்டது, பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டு மலையேறியவள் என்ன நினைத்தாள் என்பன அவ்வேடுகளில் இல்லை. அவை தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலுமே உள்ளன. கோப்பி அழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் பாட்டிலே அது அழியவில்லை.

இதனை நன்குணர்ந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புர தோட்டத்திலே பிறந்த அவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1984இல் மறைந்த அக்கவிஞர், அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். உரிமைப் பத்திரம் இல்லாத மக்களுக்கு அந்நூலே ஒரு பத்திரமாயிற்று எனலாம்.

பாட்டைப் போலவே தப்பும் ஒரு சான்றுதான். விடியலில் பிரட்டுக்கு ஆள் திரட்ட முழங்கியது தப்பு. மாசி மாதத்துக் காமன் கூத்திலே மதனுக்கும் ரதிக்கும் ஆடக் காலெடுத்துக் கொடுப்பதும் அதுவே. காலையில் தோட்டத்துக்கு உரியதாயிருந்த தாளம் இரவிலே மக்களுக்கு உரியதாயிற்று. பார்ச்மன் கைதிகள் தமது பாட்டினால் செய்ததும் இதுதானே? வேலையின் தாளத்தை அவர்கள் தம்முடையதாக்கிக் கொண்டார்கள்.

ஒருமுறை என் வகுப்பு மாணவரிடம் வீட்டுப் பெரியோரின் பாடல்களை எழுதி வரச் சொன்னேன். ஒரு மாணவன் மட்டும் வெறுங்கொப்பியை நீட்டினான். எல்லோரும் போன பின்னர் தயங்கித் தயங்கிச் சொன்னான்:

"எங்க தாத்தா தப்படிக்கிறவரு, சேர். அதையெல்லாம் எழுதலாமா?"

அவனுக்கு அந்த வெட்கத்தைக் கற்பித்தது யார்? சாதியின் பெயரால் தப்பையும் அதை அடிப்பவரையும் தள்ளிவைத்த நாமல்லவா? அவனைக் கண்டிக்க எனக்குத் தகுதியில்லை. தமிழ் படித்துப் பட்டம் பெற்ற நானும் சங்கப் பாடல்களை மனனஞ் செய்தேனேயன்றி, அம்மாயியின் பாட்டில் ஒன்றையேனும் எழுதி வைக்கவில்லை. இன்று அம்மாயி இல்லை. அவர் பாட்டின் மெட்டு காதில் நிற்கிறது, சொற்கள் போய்விட்டன.

மறுநாள் நானே அம்மாணவனுடன் அவன் லயத்துக்குச் சென்றேன். முதியவர் தப்பை நெருப்பிலே காய்ச்சிச் சுருதி கூட்டினார். பேரன் கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாயி இருக்கக்கூடும். இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.