குட்டி நாய் கொம்பனைச் சாய்த்த கதையை எழுதியது யார்?

ஒரு சண்டைப் படத்தின் கதை சொல்றோம், கேளுங்க. ஊர் வயலையெல்லாம் நாசமாக்குற ராட்சதக் காட்டுப்பன்றி, பேரு கொம்பன். அதை வேட்டையாட அண்ணன் தம்பி இரண்டு பேர் படையோட கிளம்புறாங்க. வீட்டுல விட்டுட்டுப் போன குட்டி நாய்க்கு, 'என்னைக் கூப்பிடலையே'ன்னு கோபம். அது விட்ட சாபத்தில் வேட்டைக்குப் போனவங்க நோயில் சுருண்டு விழுறாங்க. வேற வழியில்லாம நாயை அழைச்சிட்டு வர்றாங்க. அது பன்றிக்கு அடியில் புகுந்து, கடிக்கக் கூடாத இடத்தில் கடிச்சு வைக்குது. தம்பி வேலை எறியுறான். கொம்பன் காலி.

இது பொன்னர் சங்கர் கதை. ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு போல இதையும் விடிய விடிய ஆடியிருக்காங்க. பகலில் கொழுந்தும் கவ்வாத்துமாக நின்றவங்கதான் ராத்திரியில் ராஜாக்கள்.

கதை இங்கே பிறந்ததில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்து மக்கள் கங்காணிகள் வழியாக மலையேறினாங்க. அண்ணன்மார் விழுந்த களம் என்று கும்பிடுற வீரப்பூர், திருச்சி மாவட்டத்து மணப்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கு. 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். கோப்பி நோயில் அழிந்தது, தேயிலை நின்றது, கதையும் நின்றது.

எழுதியது யார்? தனி ஆள் இல்லை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் கொங்கு நாட்டில் ஒரே பாடகரிடம் இந்தக் கதையை இரண்டு விதமாக வாங்கினார். ஒன்று, சனத்துக்கு முன்னால் பாடி ஒலிநாடாவில் பதிந்தது. மற்றது, பாடகர் சொல்லச் சொல்ல எழுதி எடுத்தது. இரண்டும் ஒன்றாக இல்லை. எதிரே உட்கார்ந்து சிரிக்கிற, அழுகிற சனமும் பாதி எழுத்தாளர் என்றுதான் நாங்கள் இதை வாசிக்கிறோம்.

கூத்துக் களத்தில் இது கண்ணுக்கே தெரியும். சிரிப்பு வந்தால் கோமாளி அந்த இடத்தை இழுப்பான். கூட்டம் தூங்கினால் சண்டை சீக்கிரமே வரும். காமன் கூத்தில் இன்னும் பச்சையாகவே நடக்கும்: மன்மதன் எரிந்தானா, எரியலையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணியில் மோதுறாங்க. விமர்சனமே கூத்தாகிப் போச்சு!

ஆனா எங்களுக்குள்ள ஒரு சண்டை இன்னும் தீரலை. பொன்னரும் சங்கரும் நிலவுடைமைக் கவுண்டர்கள். அவங்க வீரத்தை விடிய விடிய ஆடினவங்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதிகளில் இருந்து வந்தவங்க. துண்டு நிலம் கிடையாது, லயமும் தோட்டத்துக்குச் சொந்தம். அண்ணன்மாரின் துணைவன் சாம்புகன் பறையர். பலத்தில் யாருக்கும் சளைத்தவனில்லை. ஆனாலும் ஏவல் கேட்கிற இடத்திலேயே நிற்கிறான். கொம்பனை வளர்த்தது வேட்டுவர் வீட்டுப் பெண். காட்டுக்குள் புகுந்து வேட்டையாடியது யார் என்று அவள் பக்கமிருந்து கேட்டால், வில்லன் யார் என்பதே மாறிப் போகும். எங்களில் சிலர், 'பழைய கதை, அப்படியே இருக்கட்டும்' என்கிறார்கள். நாடாவும் எழுத்துமே ஒத்துப்போகாத கதையில் 'அப்படியே' என்று எதைச் சொல்வது?

மாற்றம் வெளியிலிருந்தும் வந்தது. 1948ல் குடியுரிமை பறிபோனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரிச்சாங்க. தலைமன்னாரில் கப்பலேறியவங்களோட மனப்பாடமும் ஏறிப் போச்சு. பாடத்தை ஏட்டில் வைக்காத கலையில் ஆள் போனால் காட்சியும் போகும்.

2011ல் கதை திரைக்கே வந்தது. கலைஞர் கருணாநிதியின் நாவல், அவரே எழுதிய வசனம், தியாகராஜன் இயக்கம், பிரசாந்துக்கு இரட்டை வேடம். பெரிய செலவு, பெரிய சண்டை. எங்களுக்கு ஒட்டலை. திரையில் செத்தவன் செத்தவன்தான். எதிரே நாம அழுதாலும் அடுத்த காட்சி அதே வேகத்தில் ஓடும். கூத்தில் படுகளத்தில் விழுந்தவங்களை எழுப்பாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. தங்கை தங்காள் வேஷத்தில் நிற்கிறவர் ஒரு ஆண். அவர் தண்ணீர் தெளிச்சு அண்ணன்மாரை எழுப்பும்போது முன்வரிசைப் பெண்கள் அழுவது தங்காளுக்காக. அவள் பார்வையில் முழுக் கதையையும் எழுதுறதா, சாம்புகன் பார்வையிலா என்பதில்தான் எங்க குழு இப்போ இரண்டு கட்சி.