சித்ரா வால்வும் தொண்டை வலியும்

இந்திய இதய மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைகளின் தேதிகளைக் கோத்தே எழுதப்படுகிறது. அவ்வரிசையில் 1990 டிசம்பர் 6-க்குச் சிறப்பிடம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில், உள்நாட்டில் உருவாக்கப்பட்ட சித்ரா செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட நாள் அது.

அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழு அந்நாளை எட்டுவதற்குள் மூன்று மாதிரிகள் தோற்றன. முதலாவதில், பற்றவைத்த உலோகத் தாங்கி முறிந்தது. இரண்டாவதில், செயற்கை நீலக்கல் தகடு தன்னினும் மென்மையான டைட்டானியச் சட்டத்தைத் தேய்த்தது. மூன்றாவதில், அத்தகடே உடைந்தது. கோபால்ட் கலப்புலோகச் சட்டமும் பாலிஎத்திலீன் தகடும் கொண்ட நான்காம் மாதிரியே நிலைத்தது. இறக்குமதி வால்வின் விலை எட்டாத பலருக்கு அது வாழ்வளித்தது.

எனினும், வரலாற்று மாணவர் இங்கே ஒரு கேள்வியை எழுப்பியாக வேண்டும். இந்நாட்டில் இத்தனை இளைஞர்களின் வால்வுகள் பழுதுற்றது ஏன்?

முதன்மையான காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் சிறுவர்க்குத் தொண்டைப் புண் வருகிறது. உரிய மருந்து கிடைக்காதபோது, சிலரது உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்குகிறது. மூட்டு வலி வந்து போய்விடும். இதய வால்வில் விழுந்த வடுவோ தங்கிவிடும். நெரிசலான குடியிருப்பும் எட்டாத மருத்துவமும் இந்நோயை வளர்ப்பவை. மேலைநாடுகளில் இது அருகிய பின்னரும் இங்கு நீடித்ததன் காரணம் அதுவே.

தடுக்கும் வழி நெடுங்காலமாகவே அறியப்பட்டது. தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின். ஒருமுறை காய்ச்சல் கண்டவர்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. புனேக்கு அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் 1954-இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. 1962-இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவிய டாக்டர் எஸ். பத்மாவதி, இதயநோயைத் தடுப்பதையும் அதன் பணியாகக் கொண்டார். மருந்தும் அறிவும் இருந்தன. அவ்வூசியை ஊர்தோறும், தவணை தவறாமல் கொண்டுசேர்ப்பதே கடினமாயிருந்தது.

வால்வு பொருத்தியபின்னும் துன்பம் முற்றுப்பெறுவதில்லை. உலோக வால்வு பெற்றவர் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ண வேண்டும். இடையிடையே இரத்தப் பரிசோதனையும் வேண்டும். கூலி வேலையை விட்டு நகரத்துக்கு வருவோர்க்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் ஊதிய இழப்பு.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி உண்டு, மருத்துவர் பெயர் உண்டு, ஒளிப்படம் உண்டு. உரிய காலத்தில் ஊசி போடப்பட்டு நோயுறாமல் வளர்ந்த குழந்தைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. ஆகவே தடுப்பு மருத்துவத்தின் வரலாற்றை எழுத விரும்புவோர், ஆரம்ப சுகாதார நிலையங்களின் ஊசிப் பதிவேடுகளையும் பள்ளி மருத்துவப் பரிசோதனைக் குறிப்புகளையும் ஆவணங்களாக மதித்துத் தேட வேண்டும். கழிவுத்தாளாக எடைக்குப் போகுமுன் அவற்றைக் காப்பது நம் முதற்பணி.