அச்சுக்கோப்பாளரின் சட்டமும் கணினியின் நீளங்களும்

நூலொன்றை விரிப்போர் எழுத்தையே காண்கின்றனர். எழுத்தைச் சூழ்ந்து நிற்கும் வெற்றிடத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வெற்றிடத்தை எதைக்கொண்டு அளப்பது என்னும் வினாவோ அச்சுக்கலை அளவுக்குப் பழைமையானது.

யாழ்ப்பாணத்துக்கு இவ்வினா மிஷன் அச்சகங்களுடன் வந்தது. 1820இல் அமெரிக்க மிஷனின் அச்சாளராக வந்த ஜேம்ஸ் கரெற் இங்கு தங்குவதற்கு ஆங்கில அரசு இடமளிக்கவில்லை. 1834இல் வந்த ஈஸ்ற்மன் மைனர் மானிப்பாயில் அச்சகத்தை நடத்தலானார். 1841இல் உதயதாரகை வெளிவரத் தொடங்கியது. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சுப்பொறி வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார்.

கையால் அச்சுக்கோக்குமிடத்து இருவகை அளவுகள் பயின்றன. கோப்பாளர் கையிலேந்தும் சட்டத்தில் நகரும் அடைப்பொன்று உண்டு. அதனை வரியின் நீளத்துக்கு ஒருமுறை இறுக்கிவிட்டால், எழுத்து எவ்வளவு சிறுத்தாலும் பெருத்தாலும் வரி நீளம் மாறாது. மற்றையது குவாட் எனப்படும் முகமற்ற ஈயத்துண்டு. எழுத்தின் உடலளவே அகலமாகவும் கொண்ட சதுரக் குவாட்டை 'எம்' என்பர். ஒவ்வோர் எழுத்தளவுக்கும் அதற்குரிய குவாட் தனியே உண்டு. எழுத்து மாறினால் இடமும் உடன் மாறும். முன்னையது தாளுக்குரிய அளவு, பின்னையது எழுத்துக்குரிய அளவு.

எழுத்துடலை அளக்கும் பொயின்ற் முறையைப் பிரான்சில் பூர்னியே 1737இல் வகுத்தார். அமெரிக்க வார்ப்பாளர் 1886இல் தமக்கென ஒரு பொயின்ற்றை ஏற்றனர். ஓர் அங்குலத்தில் அது ஏறக்குறைய 72.27 அடங்கும். தம் நூலின் அச்சுப்படி அழகிழந்து வந்தமை கண்டு மனம் நொந்த டொனால்ட் நூத் 1978இல் ஆக்கிய 'டெக்' என்னும் அச்சுக்கோப்பு மொழி இந்தப் பொயின்ற்றையே கைக்கொண்டது. 'எம்' அளவையும் அது கைவிடவில்லை.

டெக்கின் மேல் லெஸ்லி லாம்போட் கட்டிய 'லாடெக்' மொழியில் ஒரு நீளத்துக்குப் பெயரிட இருவழிகள் உள. 'செற்லெங்த்' என்னும் கட்டளையால் 'இரண்டு எம்' என்று குறித்தால், அக்கணத்தில் நடைமுறையிலுள்ள எழுத்தைக்கொண்டு அது கணிக்கப்பட்டு உறைந்துவிடும். 'நியூகொமாண்ட்' கட்டளையாற் குறித்தாலோ, அது வெறும் சொல்லாகவே நின்று, பயன்படும் இடந்தோறும் அவ்விடத்து எழுத்துக்கேற்பக் கணிக்கப்படும். முன்னையது இறுக்கிய சட்டம், பின்னையது குவாட். தெரிவு புதிதன்று, கருவியே புதிது.

தமிழ்ப் பதிப்புக்கு இது சிறு விடயமன்று. மூலம் பெரிய எழுத்திலும் உரை அதனிற் சிறிதாகவும் அடிக்குறிப்பு மேலும் சிறிதாகவும் அமைவது நம் பதிப்பு மரபு. கருத்தரங்கொன்றுக்காகச் செய்யுளும் உரையும் கொண்ட கட்டுரையை லாடெக்கில் அமைத்தபோது, பந்தித் தொடக்கத்து இடத்தை 'செற்லெங்த்' கொண்டு ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே குறித்தேன். அங்கு அப்போது நடைமுறையில் இருந்தது 10 பொயின்ற் ஆங்கில எழுத்து. ஆகவே நீளம் 20 பொயின்ற் என உறைந்தது. 8 பொயின்ற் அடிக்குறிப்பில் 16 ஆக வேண்டிய இடம் 20 ஆகவே நின்று, குறிப்புகளெல்லாம் உள்ளே தள்ளப்பட்டன. பிழை கணினியினது என்று ஓரிரவு முழுவதும் நம்பியிருந்தேன்!

இன்னோர் அளவாகிய 'எக்ஸ்', ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரத்தைக் குறிப்பது. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு இல்லாத தமிழுக்கு அது பொருந்துமெனக் கூறுதற்கில்லை. எழுத்தின் உடலளவாகிய 'எம்' நமக்கும் பொதுவானது.

இதனால் 'செற்லெங்த்' ஒதுக்கத்தக்கது என்பதன்று. தாளின் ஓரம், வரியின் நீளம் ஆகியவற்றை அதன்வழி மில்லிமீற்றரிற் குறிப்பதே தகும். ஒரு நீளத்துடன் மற்றொன்றைக் கூட்டும் 'அட்டுலெங்த்' கட்டளையும் அவ்வாறு குறித்த நீளத்தையே ஏற்கும். செய்யுளடிகளும் அவற்றின் கீழ் வரும் சிற்றெழுத்து உரையும் ஒரே நேர்கோட்டில் தொடங்கவேண்டுமாயின் அங்கும் உறைந்த நீளமே வேண்டும். என் கட்டுரையிற் செய்யுட் பகுதிக்கு அதனையே விட்டுவைத்து, அடிக்குறிப்பை மட்டும் மாற்றினேன்.