மாங்காய் நடந்த வழி

மாமரத்துக்குத் தாவரவியல் தந்திருக்கும் பெயர் மாஞ்சிஃபெரா இண்டிகா. 1753இல் வெளியான 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் தாவரவியலாளர் லின்னேயஸ் அதைப் பதித்தார். பின்பாதியான 'ஃபெரா' இலத்தீன். தாங்குவது, தருவது என்று பொருள். முன்பாதி நம் மாங்காய். ஆக, உலகெங்கும் அறிவியலார் எழுதும் அந்தப் பெயரின் பொருள் 'மாங்காய் காய்க்கும் மரம்' என்பதே.

தமிழில் 'மா' என்ற ஓரெழுத்தே மரத்தின் பெயர். அதன்பின் வேறு சொல் வந்து சேரும்போது இடையில் ஒரு மெல்லெழுத்துத் தோன்றும்: மாங்கொம்பு, மாந்தளிர், மாம்பூ. மாங்காயும் மாம்பழமும் அப்படிப் பிறந்தவையே. காய்க்கு ஒரு சொல், கனிக்கு ஒரு சொல் என்று நாம் பிரித்து வழங்க, மலையாளத்தில் 'மாங்ங' என்பது கனிக்கும் சேர்த்தே வழங்குகிறது. மலபார்க் கரையில் இறங்கிய ஐரோப்பியர் காதில் விழுந்தது அந்தச் சொல். 1510இல் அச்சான இத்தாலியப் பயணி வர்த்தேமாவின் நூலில் 'மங்கா' இடம்பெற்றுவிட்டது. 1563இல் கோவாவில் அச்சேறிய கார்சியா த ஓர்த்தாவின் மருத்துவ நூலிலும் அது உண்டு. போர்த்துகீசிய 'மங்கா'வே ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆயிற்று. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் நான்காம் தொகுதி, மரத்தை அதன் மலபார்ப் பெயரோடு படம் வரைந்து காட்டியது. லின்னேயஸ் எடுத்தாண்ட மூலங்களுள் அதுவும் ஒன்று.

கிழக்கே போன வழி இன்னும் சுவையானது. மலாயில் 'மங்கா' என்றும் சொல்வார்கள், 'மெம்பெலம்' என்றும் சொல்வார்கள். முன்னது மாங்காய், பின்னது மாம்பழம். தமிழ் வணிகரோடு கடல் கடந்த இரு சொற்களும் அங்கே தனித்தனியே வேரூன்றின. சாவக (ஜாவா) மொழியின் 'பெலெம்' என்பதையும் இந்தக் குடும்பத்தில் வைப்பவர்கள் உண்டு.

அந்தச் சாவகத் தீவில், புர்வரஜோ என்ற ஊரில் 1906இல் பிறந்தவர் கோஸ்டர்மன்ஸ். வாழ்நாளின் பெரும்பகுதியைப் போகோர் உலர்தாவரக் காப்பகத்தில் கழித்த தாவரவியலாளர்; மாவின் உறவினங்களை ஆராய்ந்தவர். நாம் உண்ணும் மா ஓர் இனம் மட்டுமே. அதன் உறவினங்கள் மிகுதியாக வளர்வது போர்னியோ, சுமத்ரா, மலாய்த் தீபகற்பக் காடுகளில். அவற்றை வகைப்படுத்துவது எளிய வேலை அல்ல. மரங்கள் ஓங்கி உயர்ந்தவை. ஆண்டுதோறும் தவறாமல் பூப்பவையும் அல்ல. பூ கையில் கிடைத்தால்தான் இனம் பிரிக்க முடியும். சூலகத்தின் அடியில் இருக்கும் வட்டத்தட்டு அகன்றிருக்கிறதா, குறுகித் தண்டுபோல் இருக்கிறதா என்பதை வைத்தே பேரினத்தை இரண்டு உட்பிரிவுகளாக வகுத்தார்கள். பொம்பார் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கோஸ்டர்மன்ஸ் 1993இல் வெளியிட்ட 'தி மேங்கோஸ்' நூல் 69 இனங்களை விவரிக்கிறது. அவற்றுள் 11 இனங்களைப் போதிய சான்று இல்லாததால் எந்த உட்பிரிவிலும் சேர்க்காமல் நிறுத்தி வைத்தார்கள். பின்னாளில் ஒரு பூ கிடைத்தால் திருத்திக்கொள்ள இடம்விட்ட அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கோஸ்டர்மன்ஸ் சூட்டிய பெயர்கள் சிலவற்றில் ஊர்க்காரர்களின் குரல் கேட்கிறது. ஓர் இனத்துக்கு அவர் வைத்த பெயர் லாலிஜிவா. சாவக மொழியில் 'லாலி' மறத்தல். 'ஜிவா' நம் ஜீவன். தன்னையே மறக்கவைக்கும் கனி என்று சுவைத்தவர்கள் சொன்னதை அவர் அப்படியே அறிவியலில் ஏற்றினார். போர்னியோத் தீவின் தெற்குக் கலிமந்தானில் வளர்ந்த இன்னொரு இனத்துக்கு அந்த ஊர் வழக்கிலிருந்தே காஸ்தூரி என்று பெயரிட்டார். சிறிய பழம், கருஊதாத் தோல், செம்மஞ்சள் சதை. அந்தப் பெயர் 1993இல்தான் அறிவியலில் பதிவாயிற்று. இன்றோ காஸ்தூரி மா காட்டில் அற்றுப்போன இனமாக, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் நிற்கிறது. தோட்டங்களில் மக்கள் வளர்ப்பதால் மட்டுமே உயிரோடு இருக்கிறது.

பெயர் சூட்டுவது ஏட்டு வேலை என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயரில்லாத இனத்தை எந்தப் பட்டியலும் காக்காது. அது அழிந்தாலும் யாருக்கும் தெரியாது. 1980களில் கலிமந்தானின் காட்டு மாக்களைக் காக்கும் முயற்சியில் கோஸ்டர்மன்ஸும் பொம்பாரும் இறங்கியது அதனால்தான். மிகுந்த ஈரத்தைத் தாங்கும் லாரினா போன்ற உறவினங்கள், நாளை நம் தோட்டத்து மாவின் நோய்க்கு மருந்தாகலாம்.

ஆனால் பெயர் மட்டும் போதாது. நெல்லைப்போல் மாங்கொட்டையை உலர்த்திக் குளிரறையில் சேமிக்க முடியாது; காய்ந்தால் அதன் முளைக்கும் திறன் போய்விடும். எனவே மரமே வித்துக் களஞ்சியம். இலங்கையின் ஈரக்காடுகளில் ஜெய்லானிக்கா, அந்தமானில் அந்தமானிக்கா என்று நமக்கு அருகிலேயே இந்தக் குடும்பத்தின் காட்டு உறவுகள் நிற்கின்றன. நம் ஊர்க் கொல்லைகளிலோ வெளியே பெயர் தெரியாத நாட்டு மாக்கள் இருக்கின்றன. ஒரு பேரினத்துக்கே பெயர் ஈந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த நாம், அந்த மரங்களின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒட்டுக் கட்டிக் கன்றாவது எடுத்துக்கொள்ள வேண்டும்.