கபரக்கொய்யான்

கபரக்கொய்யான் இலங்கையின் குளங்கள், ஆறுகள், வாவிகளை அண்டி வாழும் பெரிய உடும்பினம். தமிழ்நாட்டில் இது இல்லை. இந்தியாவில் ஒடிசாவிலிருந்து வடகிழக்கு வரையும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளிலும்தான் காணப்படுகிறது. ஆகவே தமிழில் உடும்பு என்றால் நினைவுக்கு வருவது இதன் தரைவாழ் உறவினனே. இரண்டையும் பிரித்தறிய மூக்கைப் பார்த்தால் போதும். கபரக்கொய்யானின் நாசித்துளை வட்டமாக மூஞ்சியின் நுனியருகே இருக்கும். உடும்பின் நாசித்துளை கீறல்போல், கண்ணுக்கும் நுனிக்கும் நடுவே இருக்கும். கபரக்கொய்யானின் உடல் கருமை. அதன்மேல் மஞ்சள் புள்ளிகள் வரிசையாக ஓடும். வயதேறும்போது அவை மங்கிவிடும். நீந்த வசதியாக வால் பக்கவாட்டில் தட்டையானது. ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வரை வளர்வது வழக்கம். கண்டியில் கிடைத்த ஒன்று 3.21 மீற்றர் இருந்ததாகப் பதிவு உண்டு.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி இதற்கு வாய்ப்பான இடம். மாரியில் வெள்ளம் பெருகி முகத்துவாரம் வெட்டுப்படும்போது வாவிநீர் நன்னீராகும். பிறகு கடல் ஏறி உவர்க்கும். இந்த மாற்றம் கபரக்கொய்யானைப் பாதிப்பதில்லை. 1883இல் கிரகத்தோவா எரிமலை வெடித்து உயிரற்றுப்போன தீவுக்குச் சில ஆண்டுகளுக்குள் கடலில் நீந்திப் போய்ச் சேர்ந்த விலங்குகளில் இந்த இனமும் ஒன்று. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வயல் வாய்க்கால்களும் வாவியோரக் கண்டல்களும் இதற்கு வேண்டிய நண்டு, மீன், தவளை, பாம்பு, பறவை முட்டை ஆகியவற்றைக் கொடுக்கின்றன. முதலையின் முட்டையையும் குஞ்சையும்கூட இது தின்னும். முதலைக்கு அஞ்சுபவர்கள் இதற்கு நன்றி சொல்லலாம், சொல்வதில்லை. செத்த மீன், இறந்த நாய், சந்தைக் கழிவு எதையும் விடாது. பிணந்தின்னி என்ற அருவருப்பு அங்கிருந்தே தொடங்குகிறது.

எழுத்தில் இதன் வரலாற்றைக் கிழக்குக் கரையில் சிறைப்பட்ட ஒருவரிடமிருந்து தொடங்கலாம். 1660இல் திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்த ஆங்கிலேய மாலுமி றொபட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் கபரக்கொய்யானை வருணிக்கிறார். முதலைபோன்ற உருவம், நீண்ட நீல நாக்கு, சீறல் எல்லாம் அறியாதவரைக் கலங்கடிக்கும், ஆனால் அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை என்கிறார். குரைத்துக்கொண்டு நெருங்கும் நாய்களைச் சாட்டைபோன்ற வாலால் விளாசி ஓட்டுவதையும் சொல்கிறார். இதன் இறைச்சி உணவுக்கு ஆகாதென்றும் உடும்பிறைச்சியே மிகச் சிறந்ததென்றும் ஊரார் நம்பியதை எழுதுகிறார். வாந்தி எடுத்தாலும் மற்ற இறைச்சிதான் வெளியே வரும், உடும்பிறைச்சி வயிற்றிலேயே தங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்வந்த பலரைவிட நொக்ஸ் இவ்விலங்கை நிதானமாகவே பார்த்திருக்கிறார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் கதை வேறாகிவிட்டது. இலங்கைக் குடியேற்றச் செயலாளராக இருந்தவரும், மட்டக்களப்பு வாவியின் ‘பாடும் மீன்’ ஒலியை 1848இல் தாமே கேட்டு எழுதியவருமான எமெர்சன் டெனன்ற், 1861இல் வெளியிட்ட விலங்கியல் நூலில் ஒரு நஞ்சுத் தைலம் காய்ச்சும் முறையை விவரிக்கிறார். நாகம், விரியன் முதலிய பாம்புகளின் நஞ்சோடு பாசாணமும் வேறு மருந்துகளும் சேர்த்து மனித மண்டையோட்டில் கொதிக்கவைப்பார்களாம். அடுப்பின் மூன்று பக்கமும் மூன்று கபரக்கொய்யான்களை நெருப்பை நோக்கிக் கட்டி, சவுக்கால் அடித்துச் சீறவைப்பார்களாம். அந்த மூச்சில் நெருப்பு மூளும். வாயிலிருந்து வழியும் நுரை கலவையில் சேரும். மேலே எண்ணெய்ப்படலம் மிதந்தால் தைலம் தயார். இதில் ஆளைக் கொல்லக்கூடியது பாசாணமே என்பதை டெனன்றும் கண்டுகொண்டார். ஆயினும் பழி நுரைக்கே போனது. கபரக்கொய்யான் வீட்டுக்குள் நுழைந்தாலோ கூரைமேல் நடந்தாலோ நோயும் சாவும் வரும் என்று அஞ்சி, ஆள் அழைத்து மந்திரம் ஓதித் தோஷம் கழித்ததையும் அதே நூல் பதிவுசெய்கிறது.

உலகமும் இந்தக் குடும்பத்தைப் பூதமாகவே பார்க்க விரும்பியது. 1912இல் டச்சு ஆய்வாளர் பீற்றர் ஓவென்ஸ், இந்தோனேசியாவின் கொமோடோத் தீவில் வாழும் மிகப் பெரிய உடும்பை விவரித்தார். 1926இல் அங்கே போன அமெரிக்கரான டக்ளஸ் பேர்டன் அதை ‘டிராகன் பல்லி’ என்று நூலெழுதிப் பரப்பினார். கொமோடோ டிராகனும் கபரக்கொய்யானும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 2006இலும் 2009இலும் பிறையன் பிறை முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள், உடும்பினங்களின் கீழ்த்தாடைச் சுரப்பிகளில் நச்சுப் புரதங்கள் இருப்பதாகக் கூறின. அவற்றின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதை வைத்துப் பழைய தைலக் கதை மெய்யாகிவிட்டது என்று கொள்ள இடமில்லை. கபரக்கொய்யான் கடித்தால் ஆழமான காயமும் கிருமித்தொற்றும்தான் கவலைக்குரியவை.

இவ்விலங்கின் வரலாற்றில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: இதைக் காத்தது இதன்மேல் விழுந்த பழிதான். நல்ல பெயரெடுத்த உடும்பு கறிச்சட்டிக்குப் போனது. வேடர் உணவில் அதற்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் அதன் தோல் கஞ்சிராவுக்கும் போனது. இன்று உலகளவில் உடும்பு அச்சுறுத்தலை அண்மித்த இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்க, கபரக்கொய்யானோ குறைந்த கவலைக்குரிய இனமாகவே இருக்கிறது. நஞ்சென்று இலங்கையில் பெரும்பாலும் எவரும் தின்னாததால் அது ஊருக்குள்ளும் துணிந்து நடமாடுகிறது. இந்தோனேசியாவில் அந்தப் பழி காக்கவில்லை. அதே இனம் அங்கே தோலுக்காகப் பெருமளவில் பிடிக்கப்படுகிறது. 2007இல் வெளிவந்த வகைப்பாட்டு ஆய்வு, லோறென்ரி 1768இல் பெயரிட்ட மூலத் துணையினத்தை இலங்கைக்கு மட்டுமே உரியதாக வரையறுத்தது. அதன்படி வாவிக்கரையில் உலவும் கபரக்கொய்யான் இத்தீவுக்கே உரியது.

சட்டப் பாதுகாப்பு 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தும் அதன் திருத்தங்களிலிருந்தும் வருகிறது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் கபரக்கொய்யான் இரண்டாம் பின்னிணைப்பிலும் உடும்பு முதலாம் பின்னிணைப்பிலும் உள்ளன.

மனிதரோடு உரசல் வருவது பெரும்பாலும் வளவுக்குள்தான். மாரி வெள்ளம் புற்றுகளையும் பொந்துகளையும் மூடும்போது இது மேட்டுநிலம் தேடி ஏறுகிறது. அங்கே கோழிக்கூடு இருந்தால் முட்டையும் குஞ்சும் தப்பாது. அடித்தளத்தில் கம்பிவலை போட்டு இரவில் மூடிய கூடும், மீன் கழுவிய குடலையும் செதிலையும் வேலியோரம் கொட்டாமல் புதைப்பதும் போதிய காப்பு. உள்ளே வந்துவிட்டதென்றால் நாயைக் கட்டி, கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கினால் தானே வெளியேறும். மூலையில் மடக்கினால் உடலை ஊதி, சீறி, வாலைச் சுழற்றும். அதற்கும் விலகாதவரையே கடிக்கும். கடிபட்டால் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்புவலித் தடுப்பூசிக்காக வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இன்று இதற்குக் கூடுதலான ஆபத்து வீதியில் இருக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையில், கல்முனைக்குப் போகும் நெடுஞ்சாலை ஓடுகிறது. மெதுவாகச் சாலை கடக்கும் கபரக்கொய்யான் வாகனத்துக்கு வழிவிட்டுப் பழகியதல்ல. நொக்ஸ் கண்டதும் அதையே: ஆளைக் கண்டு வழியில் வாய் பிளந்து சீறிக் கிடக்குமே ஒழிய, இலேசில் நகராது.