கெளுத்திக் குஞ்சுகளில் செரிமான நொதியும் வளர்ச்சி மரபணுவும்: தீவன மாற்றத்துக்கு எது சான்று?

சிலாங்கூர் ஆறு உள்ளிட்ட தீபகற்ப மலேசிய ஆறுகளுக்கு உரிய கெளுத்தி பாவுங். குளங்களில் பெரிதும் வளர்க்கப்படுவதோ 1980களில் தாய்லாந்து வழியாக வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி. சந்தையில் அது 'கெலி'. எதை வளர்த்தாலும் பொரிப்பகத்துக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: உயிர் இரையாக இடும் விலையேறிய ஆர்டீமியாவை நிறுத்தித் தூள் தீவனத்துக்கு எப்போது மாறலாம்? மரபணுச் செயற்பாட்டை அளந்து இதற்கு விடை சொல்லும் போக்கு இன்று வலுத்துவருகிறது. ஆனால் ஒரு நொதியின் மரபணு விழித்த நாளைக் குஞ்சின் வயிறு தயாரான நாளாகக் கொள்வது பிழை.

ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் நீரில் கெலி முட்டை ஒரு நாளில் பொரிக்கிறது. இரண்டு மூன்று நாளில் மஞ்சள்கரு கரையக் குஞ்சு இரை தேடுகிறது. அப்போது அதற்கு வாயும் குடலும் கணையமும் உண்டு, இயங்கும் இரைப்பை இல்லை. புரதத்தைப் பிளக்கும் வேலையைக் காரச் சூழலில் இயங்கும் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் சுமக்கின்றன. உணவெடுத்து நான்கைந்து நாள் கழிந்த பிறகே இரைப்பை அமிலம் சுரந்து பெப்சின் வேலை செய்கிறது. பெப்சின் செயலற்ற முன்வடிவமாகவே சுரக்கிறது. அமிலம் இல்லாமல் அது நொதியாவதில்லை. ஆகவே அதன் ஆர்.என்.ஏ. எவ்வளவு பெருகினாலும் அமிலம் சுரந்ததற்கு அது சாட்சியாகாது. டிரிப்சினும் அப்படியே குடலில் தூண்டப்பட வேண்டும். அளவிடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் டிரிப்சின் நாளுக்கு நாள் சரிவதுபோல் தோன்றக்கூடும். உண்மையில் தசை கூடி உடற்புரதம் பெருகுவதால் வகுக்கும் எண்தான் பெரிதாகிறது. ஒரு குஞ்சுக்கு இவ்வளவு என்று பார்த்தால் அதே டிரிப்சின் ஏறிக்கொண்டிருக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்துத் தராத அட்டவணையை வைத்துத் தீவனம் வகுப்பது வீண்.

வளர்ச்சி மரபணுக்களை நோக்கினால் போதாதா எனக் கேட்கலாம். பட்டினி கிடக்கும் மீன்களில் வளர்ச்சி ஹார்மோன் உயர்ந்து, கல்லீரலில் அதற்கு விடையாக எழவேண்டிய ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணி தாழ்வது பலமுறை காணப்பட்டது. ஆகவே ஹார்மோன் மரபணுவின் உயர்வு செழிப்பையும் குறிக்கலாம், பசியையும் குறிக்கலாம், ஐ.ஜி.எஃப்.-1-ஐயும் உடல் நீளத்தையும் உடன் வைத்தே அதைப் படிக்க வேண்டும். குஞ்சுக்குக் குறைவுபடும் நொதியை உயிர் இரையே கொண்டுவந்து தருகிறது, அதனால் உள்நொதி அளவீடு தேவையற்றது என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் ஓடு நீக்கப்பட்ட, பொரிக்காத ஆர்டீமியா முட்டைகளைத் தின்றும் கெலிக் குஞ்சு நன்கு வளர்கிறது. அக்குஞ்சுகளின் குடலில் செயல்படும் புரதச்சிதைவில் ஆர்டீமியாவின் பங்கு மிகச் சொற்பம் என்றே நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வுகள் கண்டன. ஆர்டீமியாவின் சிறப்பு, இரைப்பையற்ற குடலும் எளிதில் பிளக்கும் அதன் புரதத்தில் இருப்பதாகக் கொள்வதே பொருந்தும். மரபணு அளவீட்டை ஒதுக்கச் சொல்லவில்லை. மிகச் சிறு மாதிரியிலும் அது முதற்குறிப்பைத் தருகிறது. ஆயினும் தீவன மாற்றத்துக்கு நாள்கணக்கை விதியாக்க முடியாது. மலையடிவாரத்து ஓடைநீரை எடுக்கும் பொரிப்பகத்தில் நீர் குளிர்ந்தால் அதே இரைப்பை தாமதமாகவே முதிரும். அங்கே நாட்காட்டியைவிடக் குஞ்சின் நீளமும், இரைப்பையின் அமிலத்தன்மையும், ஒரு குஞ்சுக்கான பெப்சின் அளவும் நம்பத்தக்க அளவுகோல்கள்.