குடத்தில் கைவிட்ட சிறுவன்

கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சியில், 18-ஆம் நூற்றாண்டிலே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, உபதேசிமாருக்குக் கல்வி புகட்டி வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில், ஆற்றைக் கடந்து கரையேறிய சீடர்கள் தலை எண்ணுங்கால், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஓர் ஆள் குறைகிறதென்று புலம்ப, வழிப்போக்கன் ஒருவன் ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் ஓர் அடி வைத்துக் கணக்கைச் சரிசெய்கிறான். ஒருவரும் விடுபடாமல் எண்ணப்படவேண்டும் என்னும் குடியாட்சியைப் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கதையை நான் அறியேன்.

விளையாட்டாகவே ஆடத்தக்க இன்னொன்று, 921-ஆம் ஆண்டின் உத்தரமேரூர்ச் சாசனம் சொல்லும் ஊர்ச்சபைக் குடவோலைத் தேர்தலில் இருக்கிறது. குடும்பு என்னும் ஊர்ப்பிரிவுகள் முப்பதிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புதோறும் கட்டாகக் கட்டிக் குடத்திலிட்டு, மகாசபை நிறைந்திருக்க முதியவர் ஒருவர் அக்குடத்தை எல்லாரும் காணத் தூக்கி நிற்க, விவரமறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியபின் அவனே ஓர் ஓலையை எடுத்துத் தர, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்க வாசிப்பான். ஒளிப்பதற்கு இடமில்லாத அந்த விரிந்த கையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆயினும் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை வாய்த்தவர் பெயரே குடத்துள் சென்றது என்பதை உபாத்தியாயர் மறைக்கலாகாது. வகுப்பில் இந்த யோக்கியதைகளை வாசித்து, ஓலை கிடைக்காத பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தினால், எங்கள் பெயர் ஏன் இல்லை என்னும் கேள்வி அவர்களிடமிருந்தே எழும்.

பள்ளியில் குடியாட்சியை ஆடிக் காட்டும் எண்ணம் புதிதன்று: 1962-இல் பம்பாயில் கூடிய கொறடாக்கள் மகாநாடு மாதிரிப் பாராளுமன்றங்களை ஊக்குவிக்கப் பரிந்துரைக்க, 1966-67-இல் தில்லிப் பள்ளிகளில் இளைஞர் பாராளுமன்றம் தொடங்கிற்று. நல்ல ஏற்பாடே, ஆனால் சபாநாயகராகவும் மந்திரியாகவும் சிலர் பேச, மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிற ஆட்டத்தைக் காட்டிலும், ஒவ்வொருவரும் எண்ணப்படுகிற ஆட்டத்தையே நான் விரும்புகிறேன். வயதுவந்தோர் யாவருக்கும் வாக்குரிமை தந்த 1951-52 பொதுத் தேர்தலின்போது, பெரும்பாலும் வடநாட்டு மாகாணங்களில், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றன்றித் தம் பெயரைச் சொல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். எனவே கொள்ளிடக்கரைப் பள்ளி ஒன்றில் இந்தக் குடவோலை ஆட்டத்தை நடத்த வாய்க்குமானால், குடத்தில் ஓலையிடுமுன் ஒவ்வொரு சிறுமியும் தன் பெயரைத் தானே எழுதி, வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஒருமுறை உரக்கச் சொல்லட்டும் என்பேன்.